பெங்களூரிலிருந்து எங்கள் மைதானத்துக்கு எவ்வளவு நேரம்?

விமான நிலைய வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் உங்கள் மேஜை முன்னால் வந்து நின்று, "இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பார். கேட்பவர் உங்கள் மாமனாராகக்கூட இருக்கலாம். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். சுவரில் ஓர் அட்டை தொங்கும். இன்ன ஊருக்கு இத்தனை மைல், இத்தனை நேரம் என்று அதில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் படித்துச் சொல்வதற்கு அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தரவேண்டியதில்லை. அட்டைக்கே தந்துவிடலாம்.

நான் இந்த வேலையில் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில். விமான நிலையம் என்ற சொல்லே அப்போது எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, மாதனூருக்குக் கொஞ்சம் தள்ளி, பாலாற்றை ஒட்டி ஒரு பொட்டல் வெளி இருந்தது. ஜனங்கள் அதை ஏரோப்ளேன் மைதானம் என்றார்கள். பெங்களூருக்கும் மதராஸுக்கும் நடுவே பறக்கிற சின்ன விமானங்கள், எஞ்சின் கோளாறு செய்தாலோ, பெட்ரோல் குறைந்தாலோ, விமானிக்கு டீ குடிக்கத் தோன்றினாலோ இறங்குவதற்காக ஏற்படுத்தியது. அங்கே ஒரு தகரக் கொட்டகை, சில பெட்ரோல் டின்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக்குழாய், ஒரு சைக்கிள், நான். இத்தனையிலும் எனக்கு மட்டும்தான் பதவிப் பெயர் இருந்தது. மைதானக் கண்காணிப்பாளர். கண்காணிக்கப் பெரும்பாலும் ஆடுகள்தான் இருந்தன.

மேற்கே பெங்களூர், கிழக்கே மதராஸ். இரண்டுக்கும் எங்கள் மைதானத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். நூறு மைலுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அட்டையில் இரண்டுக்கும் ஒண்ணேகால் மணி நேரம் என்று போட்டிருந்தது. இந்த ஒண்ணேகால் மணி நேரத்தை நம்பி முதலில் கெட்டவர் ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர்.

பெரிய மனிதர். மதராஸில் ஒரு கம்பெனிக்காரருக்குத் தோல் மாதிரிகளைக் காட்டவேண்டியிருந்தது. தனக்கு முன்னால் வேறு யாரும் போய்விடக்கூடாது என்று, ஒரு விமானியிடம் சொல்லி வைத்து, விமானத்தில் போக ஏற்பாடு செய்துகொண்டார். விடியற்காலையில் அத்தர் மணக்க மைதானத்துக்கு வந்துவிட்டார். விமானி அவரை ஒருமுறை பார்த்தார், விமானத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு மாதிரிப் பெட்டியைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். இரண்டில் ஒன்றுதான் போகமுடியுமாம். பெட்டியை அவருடைய குமாஸ்தா எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். அதன் பிறகு பனி விலகவில்லை. பனி விலகியதும் எஞ்சின் கிளம்பவில்லை. எஞ்சின் கிளம்பியதும் விமானிக்குப் பசித்தது. கடைசியில் பறந்து, மதராஸில் இறங்கி, அந்த மைதானத்திலிருந்து ஒரு வண்டி பிடித்து ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது, குமாஸ்தா மாதிரிகளைக் காட்டிமுடித்து, கம்பெனிக்காரரோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாராம்.

மறுவாரம் என்னிடம் வந்தார்.

"ஒண்ணேகால் மணின்னு சொன்னீங்களே, சார்?"

"அது மைதானத்திலேந்து மைதானத்துக்குங்க, பாய்."

"நான் இன்னா மைதானத்துலயா குடியிருக்கேன்?"

நேரம் கேட்டு வருகிறவர் யாருமே மைதானத்தில் குடியிருப்பதில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு சிரிப்பான விஷயம் இல்லை.

எங்கள் மைதானத்தை ஒட்டினாற்போல ஒரு தோல் ஷாப் இருந்தது. எங்கள் பக்கம் தோல் பதனிடும் இடத்தை ஷாப் என்றுதான் சொல்வார்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த தோலைக் காயப்போட அவர்களுக்கு இடம் போதவில்லை. என்னிடம் முள் இல்லாமல், மேடுபள்ளம் இல்லாமல், ஒரு நாட்டையே காயப்போடும் அளவுக்கு இடம் இருந்தது. அரசாங்க உத்தரவுப்படி மைதானத்தில் யாரும் எதையும் போடக்கூடாது. ஆனால் தோல் காய்கிற நாட்களில் ஆடுகள் உள்ளே வருவதில்லை. வாசனை பிடிக்கவில்லையோ, சொந்தக்காரர்கள் காய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லையோ, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஆட்டைத் துரத்துவதற்கு ஆள் கேட்டு நான் மேலிடத்துக்கு எழுதியதெல்லாம் பதிலில்லாமல் கிடந்தது. ஆகவே தோலை நான் பார்க்காதவன் போல இருந்துவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. விமானம் வருகிறது என்று தந்தி வந்தால் நான் சைக்கிளில் ஷாப்புக்குப் போய் மேஸ்திரியிடம் சொல்வேன். மேஸ்திரி ஏழுமலை. நெடுநெடுவென்று உயரம், முழங்கை வரைக்கும் பட்டைச் சாயம் ஏறிய கை, அளந்து பேசுகிற வாய். அவர் ஆட்களை விட்டு மைதானத்தைக் காலி செய்துவிட்டு வந்து, "தோலை எடுத்தாச்சு சார்" என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் மைதானத்துக்குத் தகுதிச் சான்றிதழ். அது வந்தால் நான் துணியை விரிப்பேன். அப்போது வயர்லெஸ் கிடையாது. என்னிடம் நீளமான வெள்ளைத் துணிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றைக் குறுக்கே வைத்தால் 'இறங்கலாம்' என்று அர்த்தம். இரண்டையும் பெருக்கல் குறி போலப் போட்டால் 'இறங்காதே'. மேலே இருப்பவரோடு நான் பேசக்கூடிய பேச்சு அவ்வளவுதான். என் வீட்டில் எனக்கு இருந்த பேச்சுரிமையைவிட அது அதிகம் என்பதால் நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஏழுமலைக்கு முருகேசன் என்று ஒரு தம்பி. அதே ஷாப்பில் பதனிடாத பச்சைத் தோல் மூட்டைகளைப் பிடரியில் சுமந்து கொண்டுபோய் அடுக்குகிற வேலை. ஒரு ஆடி மாதம் அவன் கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தது. கொசு கடித்தது என்றான். அது கறுத்தது. கழுத்து வீங்கி முகம் வரைக்கும் ஏறியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய்தான் இது, செத்த மாட்டின் தோலிலிருந்து மனிதனுக்குத் தொற்றியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு ஒரு ஊசி மருந்து உண்டு. அது வேலூரில் இல்லை, மதராஸிலும் அப்போது இருப்பில்லை. பெங்களூரில் ஒரு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கையில் வாங்குவதற்குள் அன்றைய காலை ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த ரயில் வந்து சேர இரவாகிவிடும். பொழுது சாய்வதற்குள் ஊசி போட்டாகவேண்டும், அதற்குமேல் தன்னால் எதுவும் சொல்லமுடியாது என்று டாக்டரம்மா ஏழுமலையிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பெங்களூரிலிருந்து மதராஸுக்குத் தானே விமானம் ஓட்டிக்கொண்டு பறக்க இருந்த ஒரு துரை, வழியில் எங்கள் மைதானத்தில் இறங்கி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டார். அவர் கிளம்பியதும் எனக்குத் தந்தி வந்தது. ஆஸ்பத்திரி காரிலேயே ஏழுமலை மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். மருந்தை வாங்கிக்கொண்டு அதே காரில் திரும்ப வேண்டும். டிரைவர் எஞ்சினை அணைக்காமலேயே ஓரமாக நின்றார்.

"எவ்ளோ நேரம் சார் ஆவும்?" என்று கேட்டார் ஏழுமலை.

அட்டைப்படி ஒண்ணேகால் மணி. ஆனால் ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று. "சீக்கிரமே வந்துடும், மேஸ்திரி. தோலை எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் இந்த முறை சொல்லக் காத்திருக்கவில்லை. காரிலிருந்து இறங்கும்போதே குரல் கொடுத்திருந்தார். ஆட்கள் ஓடினார்கள். ஈரம் காயாத தோலை அப்படியே சுருட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். தோல் சுருங்கிப்போகும் என்று ஒருவரும் முனகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைதானம் காலியானது.

"தோலை எடுத்தாச்சு சார்."

நான் துணிகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தேன். பத்தடி போயிருப்பேன். கால் கட்டைவிரலில் ஒரு கல் இடித்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. குனிந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன்.

மைதானம் பூராவும் கல்.

மற்ற மாதங்களில் தோலைச் சும்மா விரித்துப் போட்டால் போதும். ஆடியில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஒவ்வொரு தோலுக்கும் நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். அதற்கு முன் ஆடி மாதத்தில் எங்கள் மைதானத்துக்கு விமானம் வந்ததே கிடையாது. ஆகவே கல்லைப் பற்றி யாரும் யோசித்ததும் கிடையாது. எங்கள் வழக்கம் தோலை எடுப்பது. தோலை எடுத்தாயிற்று. செம்மண் நிறத்தில் செம்மண் மேல் கிடந்த கற்கள் கொட்டகையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியவில்லை. அந்தக் காலத்து விமானங்களுக்கு பிரேக் கிடையாது. இறங்கிய வேகத்தில் ஓடி, தானாகக் களைத்துத்தான் நிற்கவேண்டும். ஓடும்போது சக்கரத்தில் ஒரு நல்ல கல் பட்டால் போதும், மூக்கு குத்தித் தலைகீழாகப் புரண்டுவிடும். உள்ளே பெட்ரோல், ஒரு துரை, கண்ணாடிக் குப்பியில் மருந்து.

அப்போது ஏலகிரி பக்கமிருந்து சத்தம் கேட்டது. துரை பெங்களூரில் கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காற்று அவரைக் கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேல் போட்டுவிட்டது.

நான் துணிகளைப் பெருக்கல் குறியாகப் போட்டேன். காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு மூலை கல் வைக்கவேண்டியிருந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை.

"இன்னா சார் பண்றீங்க?" என்று ஓடிவந்தார் ஏழுமலை. எந்தக் குறி எதற்கு என்று அவருக்கு அத்துப்படி.

நான் கீழே கையைக் காட்டினேன். அவர் பார்த்தார். ஷாப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். ஒரு மனிதர் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதில்லை.

ஷாப் மொத்தமும் வெளியே வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் முழங்கால் வரை வெள்ளையாக ஓடிவந்தார்கள். தோல் விரிக்கிற பெண்கள் வந்தார்கள். ஷாப் முதலாளி பாயே வந்துவிட்டார். நீளக் கோட்டின் முன்பக்கத்தை மடியாகப் பிடித்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டே அவரும் குனிந்து பொறுக்கினார். மேலே விமானம் ஒரு சுற்று சுற்றியது. பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று சுற்றியது.

"மருந்தை மேலேந்தே போட்டுடச் சொல்லுங்க சார்" என்றார் முதலாளி.

"எப்படிங்க சொல்றது? அதுவும் கண்ணாடி."

"பேஜாராப் போச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

மூன்றாவது சுற்றில் விமானம் தாழ வந்து எங்கள் தலைகளை உரசுகிறாற்போலப் போனது. போய், கிழக்கே திரும்பியது. கிழக்கே மதராஸ்.

ஏழுமலை மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றார். "எல்லாம் எடுத்தாச்சு சார். துணியை மாத்துங்க. போறாரு, பாருங்க."

"மேற்குக் கோடி வரைக்கும் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் சார். ஒண்ணும் இல்ல. மாத்துங்க."

நான் மைதானத்தைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் கொஞ்ச நேரம் முன்பும் அதே கண்ணுக்கு அதே மைதானம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏழுமலை பேசியதெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துத்தான். என்னையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரைவிட யோக்கியமான மனிதரை அந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் விமானம் இறங்கவேண்டும் என்று அவரைப்போலத் துடித்தவர் உலகத்திலேயே வேறு யாரும் இல்லை. அவரிடம் போய் இறக்கலாமா என்று கேட்டது என் புத்தி.

யாரைக் கேட்பது? சுற்றிலும் பார்த்தேன். குப்பம்மாள் கண்ணில் பட்டார்.

குப்பம்மாள் தோல் விரிக்கிற பெண்களுக்குத் தலைவி போல. அந்த அம்மாளுக்கும் ஏழுமலைக்கும் பல வருஷமாக ஆகாது. சண்டை எதில் ஆரம்பித்தது என்று ஷாப்பில் யாருக்கும் நினைவில்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்கிறது என்று ஏழுமலை சொன்னால், நனைந்துகொண்டே இல்லை என்று சொல்லக்கூடிய அம்மாள்.

"குப்பம்மா! மைதானம் பூரா சுத்தம், கல்லே இல்லேன்னு மேஸ்திரி சொல்றாரு" என்றேன்.

"யாரு, அவரா சொன்னாரு?"

அதற்குமேல் நான் விளக்கவேண்டிய அவசியமே வரவில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிர்காற்றில் மேற்குக் கோடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி, நாற்று நடுகிற வரிசை போல அந்த வரிசை போனது.

விமானத்தின் சத்தம் தேய்ந்தது.

"சார், போறாரு சார்" என்றார் ஏழுமலை. "அதுங்க நடந்து முடிக்கிறதுக்குள்ள போய்டுவாரு சார்." என் காலடியில் குனிந்து துணியைப் பிடித்து இழுத்தார். பெருக்கல் குறியின் நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி சார்."

நான் எழுந்திருக்கவில்லை.

"எந்திரி சொல்றேன். என் தம்பி சார் அவன். செத்துடுவான் சார்."

என் தோளைப் பிடித்தார். ஈரத்தோல் மூட்டையை ஒரே கையால் புரட்டுகிற ஆள். என்னைத் தூக்கி ஆற்றில் வீச அவருக்கு மறு கை தேவைப்பட்டிருக்காது. நானும் முருகேசனைத் தினமும் பார்த்தவன்தான். சைக்கிள் டியூப் பஞ்சரானால் ஒட்டிக் கொடுப்பான். எழுந்து துணியை மாற்றிவிட்டால் என்ன, அவர்தான் சுத்தம் என்கிறாரே என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கைக்குப் பயந்ததைவிட அந்தக் குரலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஏழுமலையின் பிடி தளர்ந்தது. என் பக்கத்தில் அந்தத் துணியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முதலாளி மடிநிறையக் கல்லோடு நின்றார், எங்கே கொட்டுவது என்றுகூடத் தோன்றாமல். கிழக்கே வானத்தில் ஒரு புள்ளி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளியும் இல்லை.

அப்போது மேற்குக் கோடியிலிருந்து காற்றோடு குப்பம்மாளின் குரல் வந்தது.

"இங்க கெடக்குது சார்! இதா இன்னொண்ணு! எருமைத் தோலுக்கு வெச்ச கல்லு சார், ஒவ்வொண்ணும் பூசணிக்காய் தண்டி!"

காற்றை எதிர்த்து இறங்குகிற விமானம் ஓடி வந்து நிற்கவேண்டிய இடம் அதுதான். இரண்டு இரண்டு பெண்களாகச் சேர்ந்து அந்தக் கற்களை உருட்டி வெளியே தள்ளினார்கள். பிறகு ஒருமுறை நடந்தார்கள். பிறகு குப்பம்மாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். நான் எழுந்து துணியை மாற்றிப் போட்டேன். ஷாப்பில் ஊறிப்போன பட்டைச் சக்கையைக் கொண்டுவந்து கொளுத்திப் புகை போட்டோம். யாருக்காகப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டோம். வானம் காலியாக இருந்தது. கார் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

முதலில் பார்த்தது முதலாளிதான். "அது இன்னா, பருந்தா?" என்றார்.

பருந்தில்லை. ஆனால் பருந்தைவிட மெதுவாக வந்தது. எதிர்காற்றில் முட்டி முட்டி, ஒரே இடத்தில் நிற்பது போல நின்று, பிறகு கொஞ்சம் நகர்ந்து, நாங்கள் ஒவ்வொருவரும் மனத்தால் கயிறு கட்டி இழுக்க, வந்து சேர்ந்தது. கிழக்கிலிருந்து தாழ்ந்து, தரையைத் தொட்டு, ஓடி, மேற்குக் கோடியில் குப்பம்மாள் கல் எடுத்த இடத்துக்கும் அப்பால் போய் நின்றது.

துரைக்கு மூக்கு மேல் கோபம். தான் மதராஸுக்குப் போய்விட்டதாக நினைத்தீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன். எங்கேயும் போகவில்லை, வெறுமனே வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன், உங்கள் ஊர்க் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது, போனதைப்போல எத்தனையோ மடங்கு நேரம் ஆகிறது திரும்பிவர என்றார். நாங்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வேர்க்கடலை அறுவடை என்று நினைத்தாராம். அறுவடை முடியட்டும் என்றுதான் சுற்றினாராம். பிறகு, பெருக்கல் குறியின் மேல் உட்கார்ந்திருந்த முட்டாள் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

மருந்துப் பெட்டி ஏழுமலையின் கைக்குப் போனது. அவர் ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையை மட்டும் பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக வைத்து கார் வரைக்கும் நடந்தார். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் கார் வேலூரை நோக்கிப் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. சீக்கிரம் வந்த நேரமும் மேலே சுற்றிய நேரமும் சேர்ந்து, அந்த விமானம் அட்டையில் போட்டிருந்த ஒண்ணேகால் மணிக்குச் சரியாகத் தரையைத் தொட்டிருந்தது. ஆடிக்காற்றிலும் நேரம் தவறாமல் இறக்கியதற்காக மேலிடத்திலிருந்து என்னைப் பாராட்டி எழுதினார்கள். நான் மறுத்து எழுதவில்லை. எழுதினால் தோல் காயப்போட்டதையும் எழுதவேண்டியிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இரண்டு மைதானங்களுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. நேரம் மாறும், காற்று மாறும், ஆள் மாறும். இன்று உங்களிடம் வயர்லெஸ் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, தார் போட்ட ஓடுபாதை இருக்கிறது. ஆனாலும் ஒருநாள் "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று நீங்கள் யாரையாவது கேட்கவேண்டி வரும். சரி என்ற பதில் யாருக்கு உயிர்போகிற அவசரமாக வேண்டுமோ, அவரைக் கேட்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அது நீங்களாகவே இருந்தாலும் சரி.

முருகேசன் பிழைத்துக்கொண்டான். அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த மறுநாள் ஏழுமலை என் கொட்டகைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதை எப்படி அடக்கத்தோடு ஏற்றுக்கொள்வது என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் உட்காரவில்லை. வாசலில் நின்றபடி, வெளியே பெண்கள் தோல் விரிப்பதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கல்லை நான் பாத்தேன் சார்."

"எந்தக் கல்லை?"

"மேற்கால கெடந்துச்சே, எருமைத் தோலு கல்லு. பாத்தேன் சார். அங்க ஓடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ப்ளேன் போய்டும்னு தோணுச்சு. பாத்துட்டுதான் உங்ககிட்ட வந்து ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த முகம் எதற்கும் உதவவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அந்தத் தொரையும் ஒரு ஆயி பெத்த புள்ளதானே சார். அது எனக்கு அப்ப தோணவே இல்ல சார். துளிகூடத் தோணல."

வெளியே குப்பம்மாள் யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார். ஏழுமலை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தபா ப்ளேன் வந்தா என்னைக் கேக்காதீங்க சார்" என்றார். "அதோ, அதைக் கேளுங்க."